பாழடைந்த வீட்டை இடிக்கும் முன்

1990 ஜூன் மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட எமது ஊர்களின் ஒரு பகுதி 2015 இல் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய 54 ஏக்கர் நிலமும் 2017 ஜூலையில் விடுபட்டன. இன்னும் தங்கள் காணியை மிதிக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். திரும்பியவர்கள் கண்ட வீடுகள் பலவற்றில் கூரை இல்லை. கூரை எஞ்சிய வீடுகளில், இருபத்தைந்து மாரிகளின் ஈரம் ஊறிச் சுவரும் மரமும் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன.

எங்கள் வீட்டின் முன்பக்கத்தைத் திருத்தலாம், பின்பக்கத்தை இடித்தேயாக வேண்டும் என்றார் மேசன். அந்த வேலையில் கூலியாட்களோடு நானும் அயற்பெண்கள் மூவரும் நின்றோம். ஆண் துணையில்லாத வீடுகளில் இடிப்பதும் கல் சுமப்பதும் பெண்களின் தலையிலேயே விழுகின்றன. ஆகவே அங்கு நாங்கள் கைக்கொண்ட முறைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிலம்

கண்ணிவெடி அகற்றப்பட்ட காணி என்று உறுதியாகத் தெரிந்த பின்பே மண்வெட்டியைத் தொட வேண்டும். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் இதனைக் கேட்டறியலாம். விடுவிக்கப்பட்ட காணியிலும் கிணற்றடியில், பதுங்குகுழியில், இடிபாட்டுக்குள் வெடிபொருள் கிடக்கக்கூடும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். வந்த வழியே திரும்பி, மற்றவர்கள் போகாதபடி அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிசுக்கோ அறிவியுங்கள். இதே காரணத்தால் பற்றைக்கும் குப்பைக்கும் தீ வைக்கக் கூடாது. மண்ணுக்குள் என்ன இருக்கிறதென்று நெருப்புக்குத் தெரியாது.

பூஞ்சணம் என்ன செய்யும்?

பூஞ்சணத்தின் வித்திகள் கண்ணுக்குத் தெரியாத தூள். காய்ந்த சுவரைத் தட்டியவுடன் அவை காற்றில் எழும்பி மூக்குக்குள் போகின்றன. தும்மல், கண் எரிவு, இருமல், இழுப்பு என்பன வரும். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், சிறுபிள்ளைகள் அந்த வளவிலேயே நிற்கக் கூடாது. முகட்டில் வௌவால் குடியிருந்தால் அதன் எச்சத்தூளும் நுரையீரலுக்குக் கெடுதி. எலி மூத்திரம் கலந்த ஈரத்தில் எலிக்காய்ச்சல் இருக்கலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்நோயால் உயிர்கள் போனதை மறந்துவிடலாகாது.

முகத்தில் சீலைத் தலைப்பைச் சுற்றிக்கொள்வது இதற்குப் போதாது. கொரோனாக் காலத்தில் எல்லோரும் அறிந்த என்95 முகக்கவசம் வேண்டும். அது முகத்தோடு இறுகப் பொருந்த வேண்டும், நனைந்தால் மாற்ற வேண்டும். றப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, மூடிய சப்பாத்து என்பனவும் தேவை. துருப்பிடித்த ஆணிகள் நிறைந்த இடமாதலால் ஏற்புவலித் தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். புடையனும் சுருட்டையும் கல்லிடுக்கில் கிடக்கும். கையை விடுமுன் தடியால் தட்டிப் பாருங்கள்.

"இவ்வளவும் போட்டுக்கொண்டு வெயிலில் வேலை செய்யலாமோ?" என்று எங்களோடு நின்ற அக்கா ஒருவர் கேட்டார். ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் கண்ணிவெடி அகற்றும் எமது பெண்கள் பாரமான கவச அங்கியும் முகத்தடுப்பும் அணிந்து இதே வெயிலில்தான் வேலை செய்கிறார்கள். நாங்கள் காலை ஆறரைக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு நிறுத்தினோம். மணிக்கொரு தரம் நிழலில் இருந்து தண்ணீர் குடித்தோம்.

இடிக்கும் முறை

இடிக்கும் பகுதியை முதலில் தண்ணீரால் நனைக்க வேண்டும். வாளியால் வீசி அடித்தால் தூள் எழும்பும். பூவாளியால் மெல்லத் தெளிப்பதே நல்லது. காய்ந்த தும்புத்தடியால் கூட்டக் கூடாது.

இறக்குவது மேலிருந்து கீழாக: ஓடு, சிலாகை, கைமரம், வளை, அதன்பின் சுவர். சுவரின் அடியைத் தோண்டி ஒரேயடியாக விழுத்துவது ஆபத்து. சுவருக்குள் வேரோடிய ஆலும் அரசும் பல இடங்களில் அச்சுவரைத் தாங்கி நிற்கின்றன. வேரை வெட்டினால் சுவர் சரியும். அதை மேசன் பார்த்த பின்பே வெட்டுங்கள்.

அஸ்பெஸ்டஸ் சீற்றை உடைக்கவோ அரியவோ வேண்டாம். நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுதாக இறக்கி, பொலித்தீனால் சுற்றி, எங்கே ஒப்படைப்பதென்று பிரதேச சபையிடம் கேளுங்கள்.

இடிபாட்டைக் கிணற்றுக்குள் கொட்டாதீர்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஒரு கிணற்றின் அழுக்கு அயற்கிணறுகளுக்கும் போய்ச்சேரும்.

எதை எடுப்பது, எதை விடுவது?

ஈரத்தை உள்ளே உறிஞ்சும் பொருளை விடுங்கள், உறிஞ்சாததைக் கழுவி எடுங்கள். மெத்தை, தலையணை, பாய், பலகை அட்டைச் சீலிங் என்பவற்றில் ஊறிய பூஞ்சணம் போகாது. ஓடு, கல், இரும்புக் கம்பி, பித்தளைப் பிணைச்சல் என்பவற்றைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடலாம். ஓட்டை விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமான ஒலி வந்தால் அது வெடித்த ஓடு.

வைரம் பாய்ந்த பனைமரமும் முதிரைக் கதவும் இலேசில் கெடுவதில்லை. கூரான ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி இலகுவாக இறங்கினால் அந்த மரம் கூரைக்கு உதவாது. இறங்காவிட்டால் மேற்பூஞ்சணத்தைக் கழுவி, காற்றோட்டமான நிழலில் சில வாரம் அடுக்கி உலர்த்துங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். அதைக் காயவைத்துத் தேய்ப்பதோ, அந்த மரத்தை அடுப்பில் எரிப்பதோ கூடாது. பூஞ்சணத்தின் மேல் பெயின்ற் அடித்து மறைத்தால் அடுத்த மாரியில் திரும்ப வரும். குளோரினை மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுவாயு கிளம்பும்.

படங்களும் உறுதிகளும்

இடிபாட்டில் எங்களில் ஒருவருக்கு அலுமாரியின் அடித்தட்டில் ஒரு படம் கிடைத்தது. காணாமற்போன அவருடைய தம்பியின் பள்ளிக்காலப் படம். துடைக்கப்போன கையை நாங்கள் பிடித்துவிட்டோம். பூஞ்சணம் பிடித்த படத்தைத் துடைத்தால் முகமே அழிந்துவிடும். முதலில் கைபேசியில் நேராக வைத்துப் படம்பிடியுங்கள். பிறகு முகம் மேலே இருக்க நிழலில் உலர்த்துங்கள். காணி உறுதி சிதைந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். பதிவு செய்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம்.

கூலியும் பங்கும்

இடிக்கும் முன் வீட்டை நாலு பக்கமும் படமெடுத்து, சேதத்தைக் கிராம அலுவலருக்குக் காட்டுங்கள். இடித்த பின் வீடு இருந்ததற்குச் சாட்சி தேடி அலைய நேரும். "மரத்தை நான் எடுக்கிறேன், கூலி வேண்டாம்" என்று ஒரு ஒப்பந்தகாரர் எங்களிடமும் வந்தார். மரத்தின் விலை கூலியைவிடப் பல மடங்கு அதிகம் என்று ஓடாவி கணக்குப் போட்டுக் காட்டினார். எடுக்கும் பொருளைப் பட்டியலிட்டு, யாருக்கு எது என்று எழுதிக் கையொப்பம் வாங்கிய பின்பே வேலையைத் தொடங்கினோம்.

கூலிக்கு வரும் பெண்ணுக்கும் முகக்கவசம் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. கூலிக்குப் போகும் சகோதரிகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்தால் உடுப்பைத் தனியே தோய்த்து, குளித்த பின்பே பிள்ளையைத் தூக்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றாலோ, காய்ச்சல் வந்தாலோ, இன்ன வீட்டை இடித்தேன் என்று வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நோயை விரைவில் கண்டுபிடிக்க அந்த ஒரு வார்த்தை உதவும்.