மண்ணுக்கு ஒரு போர்வை

சித்திரை மாதத்து நண்பகலில் வெட்டவெளி மணலில் வெறுங்காலுடன் நடந்திருக்கிறீர்களா? இரண்டடி வைப்பதற்குள் கால் பொறுக்காமல் நிழலைத் தேடி ஓடுவோம். அதே இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டிக் கையை வைத்துப் பாருங்கள். அங்கே மண் அவ்வளவு சுடவில்லை! ஒரு சாண் இடைவெளிக்குள் இத்தனை வேறுபாடு எப்படி வந்தது?

நமக்காவது ஓடுவதற்கு நிழல் உண்டு. செடியின் வேர் எங்கே ஓடும்?

மண்ணுக்குள் இறங்கும் வெப்ப அலை

பகலில் வெயில் மண்ணின் மேற்பரப்பைச் சூடாக்குகிறது. நம் சமவெளிகளில் கோடை நண்பகலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியசையும் தாண்டிவிடுவது உண்டு. இந்த வெப்பம் மெல்ல மெல்லக் கீழே கடத்தப்படுகிறது. இரவில் மேற்பரப்பு குளிர்ந்ததும் வெப்பம் எதிர்த் திசையில், கீழிருந்து மேலே வருகிறது. இப்படி நாள்தோறும் ஒரு வெப்ப அலை மண்ணுக்குள் இறங்கி ஏறுகிறது.

ஆழம் கூடக்கூட இந்த அலை வலுவிழக்கிறது. தாமதமாகவும் வந்து சேருகிறது. ஓர் அடி ஆழத்தில் மண் மிகுந்த வெப்பம் அடைவது நண்பகலில் அன்று, ஏறத்தாழ நள்ளிரவில்! அங்கும் ஏற்ற இறக்கம் மிகச் சிறிதே. அரை மீட்டர் ஆழத்தில் பகல், இரவு வேறுபாடு அநேகமாக மறைந்துவிடுகிறது. கோடை, குளிர்காலம் என்ற ஆண்டு அலை இன்னும் ஆழமாகச் செல்லும். ஆனால் அதுவும் சுமார் பத்து மீட்டர் ஆழத்திற்குள் தேய்ந்துவிடும். ஆழ்ந்த கிணற்று நீர் சித்திரையில் குளுமையாகவும் மார்கழிக் காலையில் வெதுவெதுப்பாகவும் தோன்றுவதன் காரணம் இதுவே. நீரின் வெப்பநிலை அதிகம் மாறவில்லை, வெளிக்காற்றுதான் மாறியிருக்கிறது.

கத்தரி, வெண்டை, தக்காளி போன்ற காய்கறிச் செடிகளின் வேர்களில் பெரும்பகுதி மேலுள்ள ஓர் அடி மண்ணில்தான் பரவியிருக்கிறது. வெப்பம் அதிகமாக ஊசலாடும் பகுதி அதுவே. மண் மிகவும் சூடானால் இளவேர்கள் வளர்ச்சி குன்றுகின்றன. அவரை இனச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் நலிகின்றன. மண்புழுக்கள் ஆழத்திற்குப் போய்விடுகின்றன.

பனிக்கட்டியும் மரத்தூளும்

வேரை ஆழத்திற்கு இறக்க நம்மால் முடியாது. ஆனால் மண்ணின் மேல் ஒரு போர்வையைப் போடலாம். வைக்கோல், சருகு, தென்னை ஓலை, கரும்புச் சோகை, வேர்க்கடலைத் தோல் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் அதை மண்ணின் மேல் பரப்பி வைப்பதற்கு 'மூடாக்கு' என்று பெயர்.

காய்ந்த வைக்கோலுக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? உண்மையில் வேலை செய்வது வைக்கோல் அன்று. அதன் இடுக்குகளில் சிறைப்பட்டிருக்கும் காற்று. காற்று ஓர் அரிதிற் கடத்தி. அசையாமல் நிற்கும் காற்று, நீரைவிட இருபது மடங்குக்கும் மேல் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும்.

1842ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் 'ஐஸ் ஹவுஸ்' என்ற கட்டடம் எழுந்தது. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்தார்கள். மாதக்கணக்கில் வெப்பக் கடல்களைக் கடந்துவரும் பனிக்கட்டி முழுவதும் உருகிவிடாமல் காக்க இந்த வணிகத்தில் பெரிதும் உதவிய பொருள் மரத்தூள். மரத்தூள் பனிக்கட்டியைக் குளிர்விக்கவில்லை; வெளிவெப்பத்தை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். நாம் போர்த்தும் கம்பளியும் அப்படியே. அது உடலின் வெப்பத்தை வெளியே விடுவதில்லை. ஒரே தத்துவம், இரண்டு திசைகள். ஆகவேதான் மூடாக்கு கோடையில் மண்ணைக் குளுமையாகவும் பனிக் காலத்தில் கதகதப்பாகவும் வைக்கிறது.

மூடாக்கு இன்னொரு வகையிலும் உதவுகிறது. வெயிலும் காற்றும் நேரே படாததால் மண்ணின் ஈரம் விரைவில் ஆவியாவதில்லை. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வெப்பம் தேவை. ஒரு கிராம் உலர்ந்த மண்ணுக்கோ சுமார் 0.2 கலோரி போதும். எனவே ஈரமான மண் எளிதில் சூடாவதும் இல்லை; எளிதில் குளிர்வதும் இல்லை.

எல்லாப் போர்வையும் ஒன்றா?

இல்லை. தெளிவான பிளாஸ்டிக் தாளை ஈர மண்ணின் மேல் இழுத்துக் கட்டினால் மண் குளிராது, கொதிக்கும்! ஒளி உள்ளே புகும். வெப்பம் எளிதில் வெளியேறாது. இம்முறையில் மண்ணிலுள்ள நோய்க் காளான்களை வெயிலைக் கொண்டே அழிக்கலாம் என்று இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் 1976இல் எடுத்துக்காட்டினர். பயிர் இல்லாத வெற்று நிலத்துக்கே அது ஏற்றது.

உதகைப் பகுதியில் வேறொரு சிக்கல் உண்டு. அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் உறைபனி விழும். மூடாக்கு வேரைக் காக்கும். ஆனால் மண்ணின் வெப்பம் மேலே வராமல் தடுக்கப்படுவதால் மூடாக்குக்குச் சற்று மேலுள்ள காற்று இன்னும் குளிரும், இலைகள் கருகலாம். அதனால்தான் அங்கே தேயிலை இளஞ்செடிகளின் மேலேயே தழைகளைக் கொண்டு மூடுகிறார்கள். போர்வை எதற்கு என்று தெரிந்துகொண்ட பிறகே போர்த்த வேண்டும்.

எப்படிப் போடுவது?

முதலில் மண்ணை நன்றாக நனையுங்கள். பிறகு 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்புங்கள். அதைவிடக் கனமானால் சிறு தூறல் மண்ணை எட்டாது. செடியின் தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் தண்டு அழுகும். கரையான் வருகிறதா என்று அடிக்கடி கிளறிப் பாருங்கள். மரத்தூளை மண்ணோடு கலந்துவிடாதீர்கள். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தமக்கு எடுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும்.

செய்து பாருங்கள்

பள்ளித் தோட்டத்தில் ஒரே மாதிரி வெயில் படும் இடத்தில், ஒரு மீட்டர் சதுரமுள்ள இரண்டு பாத்திகள் அமையுங்கள். ஒன்றை வெறுமனே விடுங்கள். மற்றதன்மேல் 8 சென்டிமீட்டர் கனத்திற்கு வைக்கோல் பரப்புங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். குச்சியால் 5 சென்டிமீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டு, அதில் சாராய வெப்பமானியை மெல்ல இறக்குங்கள், அழுத்தினால் உடைந்துவிடும். வைக்கோல் பாத்தியில் ஆழத்தை மண்ணின் மேற்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து அளவைக் குறியுங்கள். காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒரு வாரம் அளந்து, இரு வேளைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். எந்தப் பாத்தியில் வேறுபாடு குறைவு? இதே சோதனையை மார்கழியிலும் செய்யுங்கள். விடியற்காலையில் எந்த மண் வெதுவெதுப்பாக இருக்கிறது?

கோடை விடுமுறையில் பள்ளித் தோட்டத்துக்கு நாள்தோறும் நீர் ஊற்ற ஆள் இருக்காது. கடைசித் தேர்வு எழுதி முடித்த அன்று, மரத்தடிச் சருகுகளைக் கொளுத்திவிடாமல் கூடையில் அள்ளிச் செடிகளின் அடியில் பரப்பிவிட்டுப் போங்கள். வாரம் ஒருமுறை யாராவது நீர் ஊற்றினாலும், ஜூனில் நீங்கள் திரும்பி வரும்போது பிழைத்திருக்கும் செடிகள் அதிகமாக இருக்கும்.