வண்ணம் என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘லிரிக்கல்’ என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் என்று விடுதித் தோழர் ஒருவர் கேட்டார். இசைநயம், பாநயம் என்று பலவும் சொல்லலாம். எனக்கு முதலில் தோன்றிய சொல் வண்ணம்.

வண்ணம் என்றால் நிறம் என்பதை யாவரும் அறிவர். ‘பாடிய வண்ணம் நடந்தான்’ என்னும்போது அது இடைவிடாமையைக் காட்டும். ‘கேட்போர் மகிழும் வண்ணம் பாடினான்’ என்றால் விதத்தைக் காட்டும். செய்யுளைப் பற்றிப் பேசும்போதோ, ஓசை ஓடும் ஓட்டத்திற்கு அதுவே பெயர். தொல்காப்பியச் செய்யுளியல் இத்தகைய வண்ணங்கள் 20 என எண்ணித் தருகிறது.

பௌதிகம் பயிலும் என்னைக் கவர்ந்தது அந்த எண்ணிக்கையன்று. இனிமை, உருக்கம் என்று பொதுப்படப் பேசாமல், அந்த ஓசை எதனால் பிறக்கிறது என்று நூல் சொல்லிவிடுகிறது. வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம். மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம். ‘தட்டிப் பார்த்துக் கட்டிப் போட்டான்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ‘அன்னமும் மானும் நண்ணின’ என்று சொல்லுங்கள். இரண்டும் வெறும் உரைநடைதான். ஆயினும் நாவுக்கு வேற்றுமை தெரிகிறதல்லவா? நெடில் மிகுந்தால் நெடுஞ்சீர் வண்ணம், குறில் மிகுந்தால் குறுஞ்சீர் வண்ணம், இரண்டும் விரவினால் சித்திர வண்ணம். குறிலுக்கு மாத்திரை 1, நெடிலுக்கு 2. மாத்திரையாவது கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். ஆய்வுக்கூடமே வேண்டியதில்லை!

15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரின் திருப்புகழில் இது உச்சத்தைத் தொட்டது. குறிலும் நெடிலும், வல்லினமும் மெல்லினமும் வகுத்த ஒழுங்கிலேயே திரும்பத் திரும்ப வரும். ஒரு குறிலை நீட்டிவிட்டால் போதும், தாளம் இடறிவிடும்.

எனக்குள்ள கவலையும் இதுதான். வடநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிவைத்துப் பாடுகிறார்கள். பள்ளியில் தமிழ் இல்லாதபோது அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால், நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்தில் ‘கல்’லும் ‘கால்’லும் ஒன்றாகிவிடுகின்றன. இந்தி எழுத்திலோ எகர ஒகரக் குறில்களுக்குத் தனி வடிவமே கிடையாது. ‘கொடு’ என்றாலும் ‘கோடு’ என்றாலும் ஒரே எழுத்துத்தான். பாட்டின் பொருளைப் பின்னால் விளக்கிக்கொள்ளலாம். வண்ணத்தை அப்படி விளக்க முடியுமா? அது காதில் விழவேண்டும்.

அடுத்த பொங்கல் விழா ஒத்திகைக்கு முன், 12 உயிரெழுத்துக்களையும் கை நொடித்து அளந்து சொல்லப் பிள்ளைகளைப் பழக்கலாம். ஒரு ஞாயிறு காலை போதும். சங்கத்தார் இடம் தந்தால் நான் வருகிறேன்.