எந்த வண்டிக்குச் சொன்ன அறிவுரை?

வண்டி வைத்திருக்கும் இருவர் ஓரிடத்தில் சந்தித்தால், மூன்றாவதாக ஓர் அறிவுரையும் அங்கே வந்து அமர்ந்துவிடும். எவ்வளவு மைலேஜ் கிடைக்கிறது, எந்த எண்ணெய் ஊற்றுகிறீர்கள், டயர் எத்தனை ஆண்டு உழைத்தது என்று தொடங்கும் உரையாடல், தேநீர் ஆறிய பிறகும் முடிவதில்லை. கேட்டவர் வீடு திரும்பும்போது, தம் வண்டிக்குச் செய்யவேண்டியவை என்று நான்கைந்து குறிப்புகளை மனத்தில் சுமந்து செல்கிறார். அவற்றுள் எவை அவருடைய வண்டிக்குப் பொருந்தும்? இக்கேள்வியை எழுப்புவதற்குக் கசார்வாடியைவிடப் பொருத்தமான இடம் அரிது.

மும்பையிலிருந்து புனே நோக்கி வரும் பழைய நெடுஞ்சாலை கசார்வாடி வழியாகச் செல்கிறது. நாசிக் நெடுஞ்சாலை பிரியும் நாசிக் பாட்டா சந்திப்பும் இங்கேதான் உள்ளது. லோணாவளாவுக்குச் செல்லும் புறநகர் ரயில் இங்கே நின்று செல்கிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று தொடங்கப்பட்ட புனே மெட்ரோவின் முதல் பகுதியிலேயே இவ்வூருக்கு ஒரு நிலையம் கிடைத்தது. இதே சாலையில் சிறிது தொலைவு சென்றால் பிம்பிரியில் டாடா லாரி ஆலை. அதைக் கடந்தால் ஆகுர்டியில் பஜாஜ் ஆலை. நாசிக் சாலையில் போசரி, சாகண் தொழிற்பேட்டைகள். சாலைப் போக்குவரத்து பற்றிப் பயிற்சியும் ஆய்வும் நடத்துவதற்காக 1967இல் நிறுவப்பட்ட மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனமும் இப்பகுதியில்தான் இயங்குகிறது.

ஒரு காலத்தில் புனே சைக்கிள்களின் நகரம் எனப் பெயர் பெற்றிருந்தது. 1972இல் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் வந்தது. அதே ஆண்டில் புனேயைச் சேர்ந்த கைனடிக் நிறுவனம் லூனாவை அறிமுகப்படுத்தியது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த தலைமுறை அது. 2001இல் பல்சர் வந்தது. 2020இல் சேத்தக் என்னும் பெயரே மின்சார ஸ்கூட்டராகத் திரும்பி வந்தது. கட்கி, தேகுரோடு போன்ற பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இம்மாற்றங்களைத் தம் வீட்டு வாசலிலேயே கண்டவை. தாத்தாவின் சைக்கிள், தந்தையின் ஸ்கூட்டர், மகனின் பைக், மகளின் மின்சார வண்டி என்று ஒரே முற்றத்தில் நான்கு காலங்கள் நின்றிருக்கின்றன.

வண்டிகள் மாறின, அவற்றோடு பிறந்த அறிவுரைகள் மட்டும் மாறாமல் கைமாறிக்கொண்டே வருகின்றன. நாம் கூற விரும்புவது இதுதான்: பழைய அறிவுரைகளுள் பெரும்பாலானவை பொய்யல்ல, அவை வேறொரு வண்டிக்குச் சொல்லப்பட்டவை. அதை அறியாமல் பின்பற்றினால் சிலவற்றால் பணம் போகும். சிலவற்றால் உயிரே போகும்.

இறக்கத்தில் நியூட்ரல்

"இறக்கம் வந்தால் நியூட்ரலில் விடு, பெட்ரோல் மிச்சம்" என்பது நம் நாட்டில் மிகப் பரவலான அறிவுரை. கார்புரேட்டர் இருந்த காலத்தில் இதில் சிறிது உண்மையும் இருந்தது. கியரில் இறங்கும்போதும் அந்த என்ஜின் சிறிதளவு எரிபொருளை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தது. இன்றைய என்ஜின்களில் எரிபொருளை மின்னணுக் கருவி அளந்து தெளிக்கிறது. கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால், சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுகின்றன. அப்போது கருவி எரிபொருளை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, என்ஜின் அணைந்துவிடாதிருக்க எரிபொருள் தொடர்ந்து செலவாகிறது. ஆகவே மிச்சப்படுத்துவதாக எண்ணி நாம் செய்வது செலவாகவே முடிகிறது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு. கியரில் இருக்கும்போது என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவுகிறது. நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் மீது விழுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. என்ஜினையே அணைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். கனரக வாகனங்களில் பிரேக்குக்கு வேண்டிய காற்றை நிரப்புவதும், ஸ்டியரிங்கை எளிதாகத் திருப்ப உதவுவதும் ஓடும் என்ஜின்தான்.

புனேயின் தென்மேற்கில், மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காத்ரஜ் சுரங்கப்பாதையிலிருந்து நவலே பாலம் வரை நீண்ட இறக்கம் ஒன்று உண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பர் 20 இரவு, அங்கே இறங்கிய டேங்கர் லாரி ஒன்றினால் 48 வாகனங்கள் சேதமடைந்தன, பலர் காயமுற்றனர். பிரேக் பழுதே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஓட்டுநர் இறக்கத்தில் என்ஜினை அணைத்திருந்ததாகத் தொடக்க விசாரணையில் தெரியவந்தது எனப் பின்னர் செய்திகள் வெளியாயின. சில லிட்டர் டீசலுக்காகச் சொல்லப்பட்ட ஓர் அறிவுரைக்கு அன்று எத்தனையோ குடும்பங்கள் விலை கொடுத்தன. காரோ பைக்கோ, கண்டாலா மலைப்பாதையோ ஏற்காடு மலைப்பாதையோ, விதி ஒன்றே: எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள்.

முன் பிரேக் என்னும் அச்சம்

"முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்பது அடுத்தது. மண் சாலையில், சிறிய டிரம் பிரேக் கொண்ட பழைய ஸ்கூட்டரில், காலால் பின் பிரேக்கை மிதித்தே பழகிய தலைமுறையின் எச்சரிக்கை அது. ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. அந்நேரத்தில் சாலையை நன்கு பற்றுவது முன் டயர்தான். பின் பிரேக்கை மட்டும் நம்புபவருக்கு வண்டி நிற்க நெடுந்தூரம் தேவைப்படும். சக்கரம் இறுகிப் பக்கவாட்டில் வழுக்கவும் கூடும். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்காமல் படிப்படியாக அழுத்துவதே முறை. மணலிலும், ஹேண்டில் திரும்பியிருக்கும் வளைவிலும் மட்டும் மிக மென்மையாகக் கையாள வேண்டும்.

2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்களுக்குச் சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குட்பட்டவற்றுக்கு இரு பிரேக்குகளையும் இணைக்கும் அமைப்பேனும் கட்டாயமாக்கப்பட்டுள்ளன. கருவி வந்துவிட்டது, கைப்பழக்கமும் மாற வேண்டும். ஆளில்லாத திடலில் ஒரு காலைப்பொழுது குறைந்த வேகத்தில் பழகிப் பார்ப்பது, எந்த அறிவுரையையும்விடப் பயனுள்ளது.

கோடைக் காற்றும் டயரும்

"வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து அடி, இல்லையேல் டயர் வெடிக்கும்" என்பதையும் கேட்டிருப்போம். உண்மை இதற்கு நேர்மாறானது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது. அந்த அசைவே வெப்பத்தை உண்டாக்குகிறது. நெடுஞ்சாலையில் கோடைப் பகலில் டயர்கள் கிழிவதற்குக் குறைந்த காற்றும், மிகையான சுமையும், முதுமையும் முக்கியக் காரணங்கள்.

டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் அழுத்த அளவைப் பார்த்து அதுவரை நிரப்புவதும் தவறே. கார், பைக் டயர்களில் அது தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் வண்டிக்குரிய அளவு, காரில் ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்திலும், பைக்கில் ஒட்டப்பட்டுள்ள வில்லையிலும், இரண்டின் கையேட்டிலும் இருக்கும். காலையில் ஓட்டத் தொடங்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். டயரில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பழைய வண்டி வாங்கச் செல்வோர் முதலில் பார்க்கவேண்டிய எண்களுள் இதுவும் ஒன்று.

சைக்கிளுக்கும் காலம் உண்டு

குரங்குப் பெடல் அடித்துப் பழகியவர்கள் ஐம்பது வயதுக்குமேல் உடல்நலத்துக்காக மீண்டும் சைக்கிள் வாங்குவதை இன்று எங்கும் காண்கிறோம். அவர்களோடு இரண்டு பழைய பாடங்களும் திரும்பி வருகின்றன. ஒன்று, இருக்கையில் அமர்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும் என்பது. அவ்வளவு தாழ்த்தினால் முழங்கால் ஒவ்வொரு மிதியிலும் மிகையாக மடங்கி வலி எடுக்கும். பெடல் கீழே இருக்கும்போது அதன்மீது குதிகாலை வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நிற்கவேண்டும். அதுவே சரியான உயரம். நிற்கும்போது இருக்கையிலிருந்து முன்னே இறங்கிக் கால் ஊன்றிப் பழகலாம்.

மற்றொன்று, சங்கிலிக்கு எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவது. பழைய சைக்கிளின் சங்கிலிக்கு முழு உறை இருந்தது. எண்ணெய் உள்ளேயே தங்கியது, தூசி சேரவில்லை. கியர் சைக்கிளின் சங்கிலி திறந்தே ஓடுகிறது. மிகுந்த எண்ணெயில் புழுதி ஒட்டிக்கொண்டு, உப்புத்தாள்போல் பற்களைத் தேய்த்துவிடும். பழைய துணியால் துடைத்து, இணைப்புக்கு ஒரு துளியாக விட்டு, மேலே நிற்பதை மீண்டும் துடைத்துவிடுவதே போதும்.

காகிதங்களிலும் பழைய பாடம்

இயந்திரத்துக்கு மட்டுமன்று, ஆவணங்களுக்கும் இது பொருந்தும். "புதிய வண்டிக்கு ஐந்தாண்டுக்குக் காப்பீடு கட்டியாயிற்று" என்று நிம்மதியாக இருப்போர் பலர். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டும், காருக்கு மூன்றாண்டும் கட்டாயமாக்கப்பட்டது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அது நம்மால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும். நம் வண்டி திருடு போனாலோ சேதமடைந்தாலோ ஈடு தரும் பகுதி, பெரும்பாலும் ஓராண்டிலேயே முடிந்துவிடுகிறது. உரிமையாளரே ஓட்டும்போது விபத்துக்குள்ளானால் 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் தனிநபர் காப்பும் எதுவரை உள்ளது என்பதைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைதான். குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆதரவு என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

"கடைசித் தவணையோடு கடன் தீர்ந்தது" என்பதும் முழு உண்மையன்று. பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் நீக்கப்படும்வரை வண்டியை விற்பது கடினம். வங்கியின் தடையின்மைச் சான்றையும் கையொப்பமிட்ட படிவம் 35ஐயும் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்துப் பெயரை நீக்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு வண்டியைப் புனேவுக்குக் கொண்டுவருவோர் நினைவில் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்குமேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். கசார்வாடி அடங்கிய பிம்பிரி-சிஞ்ச்வடு பகுதிக்கு அது எம்.எச். 14 என்று தொடங்கும். பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்றை முன்பே வாங்கிவிட்டால் அலைச்சல் குறையும். கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும்.

மூன்று கேள்விகள்

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் ஐவரில் இருவருக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். "பக்கத்துக் கடைக்குத்தானே, ஹெல்மெட் எதற்கு" என்னும் அறிவுரைக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பொருந்திய வண்டி ஒன்று இருந்ததில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டை வாரை இறுக்கி அணியுங்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.

வண்டிப் பேச்சை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நெடுநாள் ஓட்டியவரின் அனுபவத்தில் எந்தக் கையேட்டிலும் இல்லாத நுட்பங்கள் இருக்கும். மழையில் எந்தச் சாலை வழுக்கும், எந்தச் சத்தத்துக்கு உடனே மெக்கானிக்கிடம் போகவேண்டும் என்பதெல்லாம் அவரிடமிருந்தே தெரியவரும். அடுத்த முறை ஒருவர் அறிவுரை சொன்னால், நன்றி கூறிவிட்டு மூன்று கேள்விகளை மட்டும் மனத்துள் கேட்டுக்கொள்வோம்: இது எந்த வண்டிக்குச் சொன்னது? எந்தக் காலத்தில் சொன்னது? என் வண்டியின் கையேடு என்ன சொல்கிறது?

கசார்வாடிச் சந்திப்பில் பச்சை விளக்குக்காகக் காத்திருக்கும் வரிசையில் பழைய ஸ்கூட்டரும் புதிய மின்சார வண்டியும் அருகருகே நிற்கின்றன. ஒன்றின் ஓட்டுநர் மற்றவரிடம் ஏதேனும் சொல்லக்கூடும். கேட்டுக்கொள்ளுங்கள், வீடு சென்றதும், இருக்கைக்கு அடியில் உறை பிரியாமல் கிடக்கும் கையேட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.