இணையத்தில் மனதைத் திறக்குமுன் எதிரில் இருப்பவர் யாரென்று கேளுங்கள்

கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிப் பக்கம் இப்போதெல்லாம் ஒரே மாதிரியான முறைப்பாடுகள்தான் காதில் விழுகின்றன. நுண்கடன் கட்டுக்காசு கேட்டு வருபவரை நினைத்துப் படலைச் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கும் பெண், வெளிநாடு போக முகவரிடம் காசு கொடுத்து ஏமாந்து சுருண்டு கிடக்கும் பெடியன், காணாமலாக்கப்பட்ட மகனை நினைத்து நித்திரை இழந்த தாய். இவர்களின் கைபேசிக்கு இரவில் ஒரு விளம்பரம் வருகிறது: "மனஅழுத்தமா? பதகளிப்பா? வாட்ஸ்அப்பில் பேசுங்கள். மூன்றே அமர்வில் குணம்."

அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் நடக்கிறது. முதல் அமர்வு இலவசம். இரண்டாவதற்குக் கைபேசி வழியாகக் காசு அனுப்பச் சொல்வார்கள். பிறகு "பதிவுக்கு" என்று அடையாள அட்டையின் படம் கேட்பார்கள். அதற்குள் வீட்டுச் சண்டை, கடன், கணவனின் குடி எல்லாவற்றையும் பேசப் போன பெண் குரல்பதிவாக அனுப்பி முடித்திருப்பார். காசு நின்றதும் ஒரு செய்தி வரும்: "உங்கட வொய்ஸை உங்கட அவருக்கு அனுப்பட்டோ?" மனப்பாரத்தை இறக்கப் போனவர் இன்னொரு பாரத்தையும் சுமந்துகொண்டு திரும்புகிறார். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் தொடர்ந்து காசும் கட்டுகிறார்.

இன்னொரு வகை இதைவிட ஆபத்தானது. கிளினிக்கில் ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டிருந்தவரிடம், முகம் தெரியாத ஒருவர் "குளிசை அடிமையாக்கும், நிற்பாட்டுங்கோ" என்கிறார். இவரும் நிற்பாட்டிவிடுகிறார். சில கிழமைகளில் நோய் முற்றி வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிறது.

இணையவழி உளவளத்துணையே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கு எல்லையில், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கும் ஊர்கள் இவை. நகரத்து வைத்தியசாலைக்குப் போய் வந்தால் ஒரு நாள் தொழில் போய்விடும். கிளினிக் வரிசையில் நின்றால் "விசர்" என்று பெயர் கட்டிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. 1984 இல் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, 2004 இல் இக்கரையோரத்தை ஆழிப்பேரலை அடித்து, 2009 வரை போரும் தின்ற பின் மீளக் குடியேறிய மக்களுக்கு, வீட்டிலிருந்தே பேச ஒரு வழி கிடைப்பது நல்லதுதான். ஆனால் அந்த வழியில் எதிரில் இருப்பவர் யார் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இலங்கையில் வைத்தியராகப் பதியாமல் வைத்தியம் பார்ப்பது குற்றம். "உளவளத்துணையாளர்" என்று பெயர்ப்பலகை போட அப்படிக் கட்டாய உரிமம் எதுவும் இல்லை. ஒரு கிழமைப் பயிற்சி பெற்றவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே பேசத் தொடங்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் முழுப்பெயர், தகைமை, அதை வழங்கிய நிறுவனம் எது? எந்த வைத்தியசாலையில் அல்லது அமைப்பில் வேலை செய்கிறீர்கள்? நான் சொல்வதைப் பதிவு செய்கிறீர்களா, யார் அதைப் பார்ப்பார்கள்? மொத்தக் கட்டணம் எவ்வளவு, பற்றுச்சீட்டுத் தருவீர்களா? வைத்தியர் என்று சொன்னால் இலங்கை மருத்துவ சபையின் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுபவரிடம் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். அடையாள அட்டைப் படத்தையோ உங்கள் படங்களையோ எவருக்கும் அனுப்பாதீர்கள்.

காசு கொடுத்துத் தேடுமுன், காசில்லாமல் கிடைப்பதை அறிந்துகொள்ளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. எடுத்தவுடன் "தமிழில் பேச வேணும்" என்று சொல்லுங்கள். தமிழ் அரசகரும மொழி. அது உங்கள் உரிமை, அவர்கள் செய்யும் தயவல்ல. 1333 இலும் இலவசமாகப் பேசலாம். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற அமைப்பு 1987 முதல் உளவளத்துணை வழங்கி வருகிறது.

நேரில் போகக் கூடியவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். "தலையிடி" என்று மட்டும் சொல்லிப் பனடோலுடன் திரும்ப வேண்டாம். நித்திரையில்லை, பயமாயிருக்கிறது, வாழப் பிடிக்கவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். மாஞ்சோலையிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள். கடன், குடும்ப வன்முறை போன்றவற்றால் வந்த மனச்சுமை என்றால் கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கும் பெண்கள் விடயங்களுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்களைக் கேளுங்கள்.

"அவர் இண்டைக்கு லீவு, அடுத்த மாதம் வாங்கோ" என்ற பதிலைக் கேட்டு எத்தனை பேர் பேசாமல் திரும்பியிருப்பார்கள்! இனி அப்படித் திரும்ப வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பிரதேச செயலகத்திலோ "தகவல் அலுவலர்" என்று விலாசமிட்டு மூன்று வரி எழுதினால் போதும்: எங்கள் பகுதிக்கு உளநலக் கிளினிக் எந்த நாளில், எங்கே நடக்கிறது? உளவளத்துணை உத்தியோகத்தர் பதவி நிரப்பப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் எப்போதிருந்து வெற்றிடம்? காரணம் சொல்ல வேண்டியதில்லை. கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். சங்கமாகச் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. கேட்டு எழுதாத ஊரின் வெற்றிடத்தை நிரப்ப எந்த அதிகாரிக்கும் அவசரமில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் உரையாடலை அழிக்காதீர்கள். பயத்தில் முதலில் அழிப்பதே அதுதான், சாட்சியும் அதுதான். உரையாடல் தெரியும் திரையைப் படம்பிடித்து, காசு அனுப்பிய குறுஞ்செய்தி, தொலைபேசி இலக்கம், கணக்கின் பெயர் எல்லாவற்றையும் இன்னொரு கைபேசியிலும் வையுங்கள். மேற்கொண்டு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தையும் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பமிடாதீர்கள். பெண்கள், சிறுவர் தொடர்பான பொலிஸ் பணியகத்தின் இலக்கம் 109. கணக்கை முடக்கும் வழிகளை இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டின் (CERT) 101 இல் கேளுங்கள்.

திரும்பவும் சொல்கிறேன்: வைத்தியர் தந்த குளிசையை இணையத்தில் யார் சொன்னாலும் நிற்பாட்டாதீர்கள். கேள்விக்குப் பதில் எழுதும் கணினிச் செயலி சொன்னாலும்தான். ஒத்துவரவில்லை என்றால் தந்த வைத்தியரிடமே சொல்லுங்கள்.

உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தவரைத் தனியே விடாதீர்கள். ஏதாவது செய்துகொண்டிருந்தால் உடனே 1990 ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வழக்கு வரும் என்று பயந்து வீட்டில் ஒளித்து வைக்காதீர்கள். தற்கொலை முயற்சி 1998 முதல் இந்த நாட்டில் குற்றமல்ல.

1926, 1333, 1990. இந்த மூன்றையும் இன்றே உங்கள் கைபேசியில் பதிந்துவையுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத அயலவரின் கைபேசியிலும் நீங்களே பதிந்து கொடுங்கள்.