பாலர் வகுப்பில் ஒளிந்த காவலர்: ‘கிண்டர்கார்டன் காப்’ ஒரு மறுபார்வை

காவலர் ஒருவர் சீருடை அணியாமல் பணியாற்றுவதை ‘மஃப்டி’ என்று சொல்வது தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமானதுதான் என்றாலும், மஃப்டியில் இருப்பவர் மாற்றிக்கொள்வது உடையை மட்டுமே; தேவைப்பட்டால் அடையாள அட்டையை எடுத்துக் காட்டித் தாம் யார் என்பதை அவர் சொல்லிவிடலாம். அதைத் தாண்டி, வேறொரு பெயரும் வேறொரு தொழிலும் பூண்டு, தாம் வேவு பார்க்க வந்த இடத்திலேயே பலருக்கும் வேண்டியவராக வாழ்ந்து காட்டுவதுதான் மாறுவேடப் பணி. குட்டு எந்த நிமிடத்தில் வெளிப்படுமோ என்ற பதற்றம் ஒவ்வொரு காட்சியிலும் செலவில்லாமல் கிடைத்துவிடுவதால் திரைக்கதை எழுதுபவர்களுக்கு இத்தகைய கதைகள்மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. ஐவன் ரைட்மன் இயக்கி, அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் நடித்து, 1990 டிசம்பரில் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட ‘கிண்டர்கார்டன் காப்’ என்ற அமெரிக்கப் படம் அந்தப் பதற்றத்தைக் கடத்தல்காரர்களின் கூடாரத்திலிருந்து எடுத்து, ஐந்து வயதுக் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து படம் வரையும் ஒரு வகுப்பறையில் கொண்டுபோய் வைத்தது.

அமெரிக்கப் பள்ளிகளில் ‘கிண்டர்கார்டன்’ என்பது தொடக்கப் பள்ளியோடு சேர்ந்த ஓராண்டு வகுப்பு; ஐந்து வயது நிறைந்த குழந்தைகள் முதல் வகுப்புக்குச் செல்வதற்கு முன் அதில் பயில்வதால், நம் ஊர் யு.கே.ஜி.யோடு அதை ஏறத்தாழ ஒப்பிடலாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் துப்பறிவாளர் ஜான் கிம்பிள், கல்லன் கிரிஸ்ப் என்ற போதைப்பொருள் வியாபாரியைப் பல ஆண்டுகளாகத் துரத்திப் பிடித்துவிடுகிறார். ஆனால் அவனுக்கு எதிராக உறுதியாகச் சாட்சி சொல்லக்கூடியவள், மகனை அழைத்துக்கொண்டு அவனிடமிருந்து தப்பியோடிய முன்னாள் மனைவி. அவள் பெயரை மாற்றிக்கொண்டு ஓரிகன் மாநிலத்தின் அஸ்டோரியா என்ற சிற்றூரில் வாழ்கிறாள் என்பதும், மகன் அவ்வூர்ப் பள்ளியின் பாலர் வகுப்பில் படிக்கிறான் என்பதும் தெரிகிறதே தவிர, அந்த வகுப்பில் உள்ள பிள்ளைகளில் அவன் யார் என்பது தெரியவில்லை. முன்பு ஆசிரியையாக இருந்த ஃபீபி ஒஹாரா என்ற சக துப்பறிவாளர் மாற்று ஆசிரியையாக உள்ளே நுழைவது என்றுதான் திட்டம். பயணத்தில் அவருக்கு உடம்பு படுத்துவிட, குழந்தைகளோடு எந்தப் பழக்கமும் இல்லாத கிம்பிள் அந்த நாற்காலியில் உட்கார நேர்கிறது.

பள்ளிக்குள் மாறுவேடக் காவலர் என்பது திரைக்கதையாசிரியர்களின் வெறும் கற்பனையன்று. லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறையே 1974 முதல் இளம் காவலர்களை மாணவர்களாக நடிக்கவைத்து, உயர்நிலைப் பள்ளிகளில் போதைப்பொருள் வாங்கச் செய்து, விற்றவர்களைக் கைது செய்யும் திட்டம் ஒன்றை நடத்திவந்தது. சிக்கியவர்களில் பலர் பெரிய வியாபாரிகள் அல்லர், சாதாரண மாணவர்களே என்ற கண்டனம் நெடுங்காலம் தொடர்ந்த பிறகு, 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில்தான் அது கைவிடப்பட்டது. அதே உத்தியை இளைஞர்களுக்கான சாகசமாக்கிய ‘21 ஜம்ப் ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சித் தொடர் 1987-இல் தொடங்கி, இந்தப் படம் வெளிவந்த காலத்திலும் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. கிம்பிளின் கதை இவற்றிலிருந்து விலகும் இடம் முக்கியமானது: இங்கே காவலர் மாணவராக வராமல் ஆசிரியராக வருகிறார், குழந்தைகளைப் பிடிப்பதற்காக வராமல், அவர்களில் ஒருவனைக் காப்பதற்காக வருகிறார்.

படத்தின் உயிர் முதல் நாள் வகுப்பிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. ஆறடிக்கு மேல் உயரமும் மலைபோன்ற தோள்களும் கொண்ட ஒருவர், தம் முழங்காலுக்குச் சற்று மேலே மட்டுமே எட்டும் கூட்டத்தின் நடுவில் நிற்கிறார். அதட்டினால் அழுகிறார்கள், கெஞ்சினால் கேட்பதில்லை, ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்பினால் வகுப்பறை போர்க்களமாகிக் கிடக்கிறது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருபவரிடம், அது மூளைக் கட்டியாக இருக்கலாம் என்று ஒரு சிறுவன் அக்கறையோடு சொல்ல, அவர் அலறி மறுக்கும் இடம் இன்றுவரை இணையத்தில் உலவும் புகழ்பெற்ற நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. இதைவிட நுட்பமானது அவர் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஒவ்வொரு குழந்தையும் எழுந்து தன் அப்பா யார், என்ன வேலை செய்கிறார் என்று சொல்லவேண்டும். கிம்பிளைப் பொறுத்தவரை இது விசாரணை. குழந்தைகளைப் பொறுத்தவரை பெருமை பேசக் கிடைத்த வாய்ப்பு. பெரியவர்கள் வழக்குரைஞரை அழைத்துவைத்துக்கொண்டும் மறைக்கும் செய்திகளை, எந்த வீட்டில் அப்பா இல்லை, எந்த வீட்டில் சண்டை என்பவை உட்பட, அவர்கள் கேட்காமலே கொட்டிவிடுகிறார்கள். குற்றவாளியிடம் பயன்படும் மிரட்டலும் உருட்டலும் இங்கே செல்லாக்காசு என்பதையும், உண்மையைச் சொல்லத் தயங்காதவர்களிடம் காவலருக்குத் தேவைப்படுவது பொறுமையாகக் கேட்கும் காது மட்டுமே என்பதையும் விளக்க வசனம் ஒன்றும் இல்லாமல் இந்தக் காட்சி காட்டிவிடுகிறது.

ரைட்மனுக்கும் ஷ்வார்ஸ்நெகருக்கும் இது இரண்டாவது கூட்டணி. அடிதடி நாயகராகப் பெயர்பெற்றிருந்த நடிகரை டேனி டிவிட்டோவின் இரட்டைப் பிறவியாக்கிய ‘ட்வின்ஸ்’ 1988-இல் வெற்றி பெற்றிருந்தது. 1990 கோடையில் வெளியான ‘டோட்டல் ரீகால்’ படத்தில் பிணங்களுக்கு நடுவே நடந்த அவர், அதே ஆண்டு டிசம்பரில் பாலர் வகுப்புக்குள் நுழைந்தார் என்றால், அது தற்செயல் அன்று, தம் பிம்பத்தின் இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் சந்தையில் வைத்திருக்கும் கணக்கு. ஜார்ஜ் புஷ் ஆட்சியில், உடற்பயிற்சியையும் விளையாட்டையும் பரப்புவதற்கான குடியரசுத் தலைவர் குழுவின் தலைவராக அவர் அமர்த்தப்பட்டதும் 1990-இல்தான் என்பதால், திரையில் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி உடற்பயிற்சி செய்யவைப்பவரும் நாட்டுப் பள்ளிகளுக்குச் சென்று அதையே செய்யச் சொன்னவரும் ஒருவராகவே இருந்தார்.

நாயகரைச் சுற்றி நிற்பவர்களும் கவனிக்கத்தக்கவர்கள். ‘டாக்ஸி டிரைவர்’, ‘ரேஜிங் புல்’ ஆகியவற்றை ஒளிப்பதிவு செய்த மைக்கேல் சாப்மன்தான் இதற்கும் ஒளிப்பதிவாளர். லாஸ் ஏஞ்சலிஸ் காட்சிகள் இருட்டும் செயற்கை விளக்குமாக இறுகிக் கிடக்க, கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் மலைச்சரிவில் அமைந்த அஸ்டோரியா ஈரமும் பசுமையுமாக விரிகிறது. 1811-இல் விலங்குகளின் மென்மயிர்த் தோல் வணிகர்கள் அமைத்த கோட்டையிலிருந்து வளர்ந்த அவ்வூரின் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் தொடக்கப் பள்ளியே படத்திலும் பள்ளியாக வருகிறது. தலைமையாசிரியை மிஸ் ஷ்லோவ்ஸ்கியாக நடிக்கும் லிண்டா ஹன்ட் ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். ‘தி இயர் ஆஃப் லிவிங் டேஞ்சரஸ்லி’ படத்தில் ஆண் பாத்திரம் ஏற்று ஆஸ்கர் வென்ற அவர், அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தே கிம்பிளைக் கூனிக் குறுகவைக்கிறார். படத்தின் மிகச் சிறந்த நடிப்பு அவருடையது என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை.

இத்தனை இருந்தும், குடும்பத்தோடு பார்க்கும் படம் என்ற முத்திரையை இன்றைய பெற்றோர் அப்படியே ஏற்றுக்கொள்வார்களா என்பது ஐயமே. தொடக்கத்திலேயே துப்புக் கொடுத்தவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். சாட்சியாக நின்ற இளம்பெண் நச்சு கலந்த போதைமருந்தால் இறக்கிறாள். சாட்சி இல்லாததால் வெளியே வந்துவிட்ட கிரிஸ்ப், முடிவில் பள்ளி நூலகத்துக்குத் தீ வைத்து, தன் மகனையே பணயமாகப் பிடித்து வைக்கிறான். இந்தக் கலவையைப் புரிந்துகொள்ள அமெரிக்கத் தரச்சான்று முறையைச் சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும். ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்’, ‘கிரெம்ளின்ஸ்’ ஆகிய படங்களின் கொடூரக் காட்சிகளைக் கண்டு பெற்றோர் கொதித்த பிறகு, பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்ற ‘பிஜி’ சான்றுக்கும், பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களைத் தனியே அனுமதிக்காத ‘ஆர்’ சான்றுக்கும் இடையில், 1984-இல் ‘பிஜி-13’ என்ற புதிய படி உருவாக்கப்பட்டது. பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சில காட்சிகள் பொருந்தாமல் போகலாம் என்ற எச்சரிக்கைதான் அது; யாரையும் அது வாசலில் தடுப்பதில்லை. ஆகவே துப்பாக்கிச் சத்தத்துக்காகத் தந்தையும் குழந்தைகளின் குறும்புக்காகப் பிள்ளைகளும் ஒரே சீட்டு வரிசையில் அமரலாம் என்ற வணிக வாய்ப்பு பிறந்தது. ‘கிண்டர்கார்டன் காப்’ அந்தச் சான்றுடன்தான் வெளிவந்து, உலக அளவில் 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதே நேரத்தில் அரங்குகளை நிறைத்துக்கொண்டிருந்த ‘ஹோம் அலோன்’ படத்திலும் அடி உதை ஏராளம். ஆயினும் அங்கே யாரும் சாவதில்லை, இஸ்திரிப் பெட்டி மண்டையில் விழுந்தவன்கூட எழுந்து நடக்கிறான். ரைட்மன் படத்தில் குண்டு பட்டால் ரத்தம் வருகிறது. வகுப்பறையின் இதமும் வெளியுலகின் வன்முறையும் ஒன்றோடொன்று முழுதாக ஒட்டாமல் நிற்பது படத்தின் குறைதான். ஆனால் இரண்டும் மோதும்போதுதான் கிம்பிள் எதைக் காக்க வந்திருக்கிறார் என்பது உறைக்கிறது.

பிற்கால விவாதம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. குழந்தைகளைக் கட்டுப்படுத்த வழி தெரியாத கிம்பிள், தமக்குத் தெரிந்த ஒரே பாடத்தை எடுக்கிறார்: வகுப்பறையைக் காவலர் பயிற்சிப் பள்ளியாக்கி, ஊதலை ஊதி, ஓடவும் நிற்கவும் பொம்மைகளை ஒதுங்கவைக்கவும் கற்றுக்கொடுக்கிறார். படம் இதை வேடிக்கையாகவே பார்க்கிறது. ஆனால் 1999-இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு அமெரிக்கப் பள்ளிகளில் காவலர்களை நிறுத்துவது பெருகி, ஆசிரியர் கண்டித்துத் தீர்க்கவேண்டிய சிறு தவறுகளும் கைதில் முடியலாயின. கறுப்பின மாணவர்களை இது கூடுதலாகத் தாக்குவதை ஆய்வாளர்கள் ‘பள்ளியிலிருந்து சிறைக்குப் போகும் பாதை’ என்று பெயரிட்டுச் சுட்டினார்கள். 2020-இல் ஓரிகனின் போர்ட்லண்ட் நகரில், படத்தின் முப்பதாம் ஆண்டை ஒட்டி, காரில் அமர்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் திரையிடல் ஒன்று திட்டமிடப்பட்டிருந்தது. ஜார்ஜ் ஃப்ளாய்ட் காவலரால் கொல்லப்பட்டதை எதிர்த்து அந்நகரத் தெருக்களில் போராட்டம் நடந்துகொண்டிருந்த அந்தக் கோடையில், பள்ளிக்குள் காவலர் என்பதைச் சிரிப்பாக்கும் படம் பொருத்தமற்றது என்று உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் எதிர்க்க, அமைப்பாளர்கள் அதை நீக்கிவிட்டு, குடிமை உரிமைத் தலைவர் ஜான் லூயிஸைப் பற்றிய ஆவணப்படத்தைத் திரையிட்டார்கள்.

அந்த எதிர்ப்பைக் கேலி செய்தவர்கள் பலர். படத்தை மீண்டும் பார்க்கும்போது எதிர்ப்பில் பாதி நியாயம் இருப்பது தெரிகிறது. ஒரு சிறுவனின் உடம்பில் காயங்களைக் கண்ட கிம்பிள், அவன் தந்தையைப் பள்ளி வாசலிலேயே ஒரே குத்தில் வீழ்த்துகிறார். அரங்கம் கைதட்டுவதற்கென்றே அமைந்த காட்சி அது, கண்டிப்புக்குப் பெயர்போன தலைமையாசிரியையே உள்ளூர மகிழ்கிறார். குழந்தைக் கொடுமையைக் கண்டால் உரிய அரசு அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டிய சட்டக் கடமை அமெரிக்க மாநிலங்களில் 1960-களிலேயே வந்துவிட்டது; முஷ்டி தீர்வாகாது, அன்று மாலை அந்தச் சிறுவன் போகப்போவது எந்த வீட்டுக்கு என்ற கேள்வியும் எஞ்சி நிற்கிறது. ஊதலைப் பற்றிய குற்றச்சாட்டுக்கோ அத்தனை வலு இல்லை. ஊதல் வந்த பிறகு மாறுபவர்கள் குழந்தைகள் மட்டுமல்லர். மணமுறிவுக்குப் பின் சொந்த மகனையே பல ஆண்டுகளாகப் பார்க்காத அந்த மனிதர், அவர்களுக்குக் கதை படித்துக் காட்டவும், அவர்கள் தூங்கும்போது ஓசைப்படாமல் நடக்கவும் பழகிக்கொள்கிறார்.

மாறுவேடக் கதைகள் வழக்கமாக வேடம் கலைவதோடு முடிந்துவிடும். நாயகர் பதக்கத்தைக் குத்திக்கொண்டு பழைய வேலைக்குத் திரும்புவார். கிம்பிள் திரும்புவதில்லை. கிரிஸ்ப்புடன் நடந்த இறுதி மோதலில் பட்ட காயம் ஆறியதும் துப்பறிவாளர் வேலையை விட்டுவிட்டு, அதே வகுப்புக்கு உண்மையான ஆசிரியராக வருகிறார், குழந்தைகள் ஆர்ப்பரிக்கிறார்கள். நீதிமன்றத்தில் சாட்சி இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்ற நடைமுறையை வைத்தே முழுக் கதையையும் பின்னிய எழுத்தாளர்கள், ஓர் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தப் பட்டமும் மாநில உரிமமும் வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் மூச்சே விடவில்லை. மிஸ் ஷ்லோவ்ஸ்கி அதையும் எப்படியோ பார்த்துக்கொண்டிருப்பார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.