அடி தாங்கும் தக்காளி எது?

‘பெட்டியில் ஏற்றும்போது கல்லு மாதிரி இருந்த பழம், மறுநாள் கசிகிறது என்று வியாபாரி விலையைக் குறைக்கிறார். எந்த ரகம் போட்டால் இந்தத் தொல்லை தீரும்?’ தக்காளி சீசன் வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும்.

ரகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன், ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நாட்டுத் தக்காளியில் அறைகள் நிறைய இருக்கும். சதைச்சுவர் மெல்லிசு, சாறு அதிகம். ரசத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை, லாரிக்குத்தான் ஆகாது. முட்டை வடிவ வீரிய ரகங்களில் பெரும்பாலும் இரண்டு, மூன்று அறைகள்தான். சுவர் தடிமனாக இருப்பதால் அடியைச் சதையே வாங்கிக்கொள்ளும்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அன்னஞ்சி என்ற உள்ளூர் வகையிலிருந்து உருவான பி.கே.எம்.1 ரகம் தொலைதூரம் அனுப்ப ஏற்றது என்றே பரிந்துரைக்கப்பட்டது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், 90 முதல் 100 கிராம் எடையுள்ள கெட்டியான பழம் தரும். இலைச்சுருள், வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும்.

ஆனால், கெட்டியான பழம் நம்மை ஏமாற்றவும் செய்யும். நிறம் திரும்பும் பருவத்தில் பறித்த பழம் கீழே விழுந்தால் தோலில் ஒன்றும் தெரியாது. உள்ளே விதையைச் சுற்றியுள்ள கூழ் கலங்கியிருக்கும். பழுத்த பிறகு வெட்டினால் அந்த இடம் மட்டும் சிவக்காமல், மஞ்சள் கலந்த பச்சையாக நார்நாராக இருக்கும், ருசியும் கெட்டிருக்கும். நன்கு பழுத்த பழமோ அப்போதே நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் ரகம் எப்படி என்பதை நீங்களே சோதிக்கலாம். ஒரே நிறத்தில் பத்துப் பழம் எடுங்கள். ஐந்தை இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் ஒருமுறை விழவிடுங்கள். மற்ற ஐந்தைத் தொட வேண்டாம். அடையாளம் வைத்து, நிழலில் பழுக்கவிட்டு, பத்தையும் குறுக்கே வெட்டுங்கள். அடுத்த பட்டத்துக்கு இரண்டு ரகம் யோசித்தால், இரண்டையும் இப்படிச் செய்து பார்த்துவிட்டு விதை வாங்குங்கள்.

இதைச் செய்தவர்கள், பறிக்கும் ஆட்கள் வாளியை நின்றபடியே பெட்டியில் கொட்டுவதைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார்கள். அதுவும் இடுப்பு உயரம்தானே! வாளியைப் பெட்டிக்குள் இறக்கிச் சாய்க்கச் சொல்லுங்கள். பெட்டியை விளிம்புக்கு மேல் குவிக்கவும் கூடாது. அடுக்கும்போது மேல்பெட்டியின் பாரம் பெட்டியின் விளிம்பில் நிற்க வேண்டும். குவித்தால் பழத்தின் மேல் நிற்கும். அதை எந்த ரகமும் தாங்காது. கூலியைப் பெட்டிக் கணக்கில் கொடுக்கிறீர்களா, நாள் கணக்கிலா என்பதையும் யோசியுங்கள். பெட்டிக் கணக்கு என்றால் கை வேகமாகத்தான் ஓடும்.

காம்போடு பறித்தால் பக்கத்துப் பழத்தைக் குத்தும்; அந்தத் துளையில் அழுகல் நுழையும். பறிப்புக்கு முந்தைய நாள் தண்ணீர் கட்டாதீர்கள். நீர் ஏறிப் புடைத்த பழம் சின்ன அடிக்கே வெடிக்கும்.