கண்ணியை எண்ணுவோம், நேரத்தையும் எண்ணுவோம்

ஒரு கொழுக்கி ஊசியும் ஒரு நூற்பந்தும் இருந்தால் தொடங்கக்கூடிய தொழில் ஒன்று உண்டு. அதற்குத் தறி தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. மரநிழலில் இருந்தும் செய்யலாம். இடையில் பிள்ளை அழுதால் வைத்துவிட்டு எழும்பலாம். காணியையும் கலப்பையையும் விட்டுப் புறப்பட நேர்ந்த குடும்பமும் இத்தொழிலை ஒரு சிறு பைக்குள் எடுத்துச் செல்லலாம். குரோசே எனப்படும் கொழுக்கிப் பின்னலைத்தான் சொல்கிறோம்.

மேசை விரிப்பும் சட்டை ஓர லேசுமே குரோசே என்று எம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். இன்று சந்தையில் அதிகம் விரும்பப்படுவன பஞ்சடைத்த பின்னற் பொம்மைகள். யப்பானியர் இவற்றை 'அமிகுருமி' என்பர். முதன்முதலாகப் பழகுவோருக்கு ஏற்றதென்று நாம் தெரிந்தெடுப்பது சொறிமுட்டைப் பொம்மை. அதற்குக் காதுமில்லை, காலுமில்லை. இரண்டு பக்கமும் ஒத்துவர வேண்டுமென்ற கவலையுமில்லை.

சொறிமுட்டையை ஜெலிமீன் என்றும் சொல்வர். ஆயினும் அது மீனல்ல. அதற்கு எலும்பில்லை, மூளையில்லை, இதயமில்லை. உடலில் ஏறத்தாழ 95 வீதம் நீரே. மேலே குடை, குடையின் ஓரத்தில் மெல்லிய உணர்கொம்புகள், நடுவில் வாயைச் சுற்றிச் சுருளான தடித்த கைகள். இந்த மூன்றையும் பின்னிவிட்டால் பொம்மை முடிந்தது.

செய்யும் முறை

நடுத்தரத் தடிப்புள்ள பருத்தி நூலும் 3 அல்லது 3.5 மில்லிமீற்றர் ஊசியும் போதும். ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்து, பின் ஊசியிலுள்ள இரண்டு வளையங்களுக்குள்ளாலும் மீண்டும் நூலை இழுத்தால் ஒரு கண்ணி. பொம்மையின் பெரும்பகுதி இந்த ஒரே கண்ணிதான்.

முதலில் இரண்டு சங்கிலிக் கண்ணி போட்டு, முதலாவதுக்குள் 6 கண்ணி பின்னுக. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு பின்ன 12 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு பின்ன 18. இவ்வாறே சுற்றுக்கு ஆறு கூட்டி 24, 30, 36 வரை செல்க. பின்னர் ஆறு சுற்றுகள் கூட்டாமல் 36 ஆகவே பின்னினால் குடை உருவாகும். சுற்றின் தொடக்கக் கண்ணியில் வேறு நிற நூல் ஒன்றைக் கட்டிவைத்தால் கணக்குத் தவறாது.

கடைசிச் சுற்றின் ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழைகள் தெரியும். முன்பக்க இழையில் மும்மூன்று கண்ணியாகப் பின்னினால் குடைக்கு மடிப்பு ஓரம் வரும். பின்பக்க இழையை அடித்தட்டுப் பொருத்த விட்டுவைக்க வேண்டும். அடித்தட்டு என்பது முன்போலவே 6இல் தொடங்கி 36 வரை பின்னிய ஒரு வட்டம்.

கைகளுக்கு 40 சங்கிலிக் கண்ணி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவதில் தொடங்கி ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணி பின்னுக. அது தானாகவே சுருளும். இப்படி நான்கு. உணர்கொம்புகளுக்கு 30 சங்கிலி போட்டு, திரும்பும் வழியில் ஒவ்வொன்றிலும் நூலை ஒரே இழுப்பில் எடுத்துச் செல்க. இப்படி எட்டு. பன்னிரண்டையும் அடித்தட்டில் இறுக்கித் தைத்த பின்னரே அடித்தட்டைக் குடையுடன் பொருத்த வேண்டும். முக்கால்வாசி தைத்ததும் பஞ்சை அடைத்து மூடிவிடுக.

இலவம்பஞ்சு எளிதிற் கிடைக்குமாயினும் கழுவினால் கட்டிபட்டுவிடும். கழுவ வேண்டிய பொம்மைக்குப் பொலியெஸ்டர் பஞ்சோ, பொடியாக வெட்டிய துணித்துண்டுகளோ நல்லது.

ஏன் சுருள்கிறது?

வட்டம் ஒன்று தட்டையாக இருக்க வேண்டுமானால் சுற்றுக்குச் சுற்று ஏறத்தாழ ஆறு கண்ணி கூட வேண்டும். கூட்டுவதை நிறுத்தினால் விளிம்பு கீழே இறங்கிச் சுவராகிறது. அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் விளிம்புக்கு இடம் போதாமல் நெளிகிறது. நாற்பது கண்ணி நீளமுள்ள சங்கிலியில் எழுபத்தெட்டுக் கண்ணியை ஏற்றினால் அது சுருளாமல் வேறென்ன செய்யும்?

இது சிறு விடயமன்று. இத்தகைய நெளிந்த தளம் கணிதத்தில் உண்டு; அதைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி உறுதியான மாதிரியாகச் செய்வது கடினமாகவே இருந்தது. 1997இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்னும் கணித ஆசிரியை அதனைக் குரோசேயாற் பின்னிக் காட்டினார். பேராசிரியர்கள் தேடிய வடிவம் கைவேலை செய்யும் பெண்ணின் விரலில் இருந்தது.

குழந்தையின் பாதுகாப்பு

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் செய்யும் பொம்மையில் பொத்தானோ மணியோ வைக்கலாகாது. கழன்றால் தொண்டையில் சிக்கும். கண்ணை நூலாலேயே தைத்துவிடுக. நீண்ட கயிறும் ஆபத்தே. டென்மார்க்கில் 2013இல் குறைமாதக் குழந்தைகளுக்குக் குரோசே ஒக்ரோபஸ் பின்னிக் கொடுக்கும் தொண்டு முயற்சி ஒன்று தொடங்கியது. அங்கு விதித்த ஒழுங்குகள் எமக்கும் பயன்படும்: நூல் முழுப் பருத்தியாக இருத்தல், 60 பாகைச் சூட்டு நீரிற் கழுவக்கூடியதாக இருத்தல், கைகளை இழுத்து அளந்தாலும் 22 சென்ரிமீற்றருக்கு மேற்படாதிருத்தல். அப்பொம்மை குழந்தையை அமைதிப்படுத்தும் என்று பலர் கூறினாலும் அதற்குப் போதிய ஆய்வுச் சான்று இல்லை. கைக்குழந்தை தனித்து உறங்கும்போது எந்தப் பொம்மையையும் அருகில் விடாதிருப்பதே நல்லது.

அயர்லாந்து தரும் பாடம்

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். விவசாயக் குடும்பங்கள் நிலத்தையும் இழந்தன. அக்காலத்தில் கோர்க் பகுதியில் உர்சுலைன் சபைக் கன்னியாஸ்திரிகள் பெண்களுக்குக் குரோசே கற்பித்தனர். குளோன்ஸ் என்ற ஊரில் 1847இல் கசாண்ட்ரா ஹான்ட் என்னும் அங்கிலிக்கன் குருவானவரின் மனைவியார் இதே பணியைத் தொடங்கினார். ஒருத்தி ரோசாப் பூவும் இன்னொருத்தி இலையுமாகப் பின்ன, வேறொருத்தி அவற்றை இணைத்தாள். ஊசி லேசிலும் விரைவாக வேலை முடிந்தது. அந்தச் சிறு வருமானம் பல வீடுகளில் அடுப்பெரிய உதவியது.

ஆனால் அத்தொழில் நிலைக்கவில்லை. நாகரிகம் மாறியது, இயந்திர லேஸ் அதேபோன்ற தோற்றத்தில் மலிவாக வந்தது. தோற்றத்தை இயந்திரம் போலி செய்ததேயன்றிக் கையால் இடும் குரோசேயை அப்படியே செய்யும் இயந்திரம் இன்றுவரை தொழிற்சாலைகளில் வழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே கடையில் ஒரு குரோசே பொம்மை மிக மலிவாகக் கிடைக்குமானால், எங்கோ ஒரு பெண்ணின் உழைப்பு மலிவாக வாங்கப்பட்டிருக்கிறது என்பதே பொருள்.

விலையை எப்படிக் கணிப்பது?

நாம் மேலே சொன்ன பொம்மையின் கண்ணிகளைக் கூட்டிப் பார்ப்போம். குடையும் அடித்தட்டும் 468. மடிப்பு ஓரம் 108. நான்கு கைகள் 472. எட்டு உணர்கொம்புகள் 472. மொத்தம் 1520. புதிதாகப் பழகுபவர் நிமிடத்துக்குப் பத்துக் கண்ணி பின்னுகிறார் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை மணித்தியாலம். தைத்துப் பஞ்சடைக்க இன்னும் அரை மணித்தியாலம். ஆக, மூன்று மணித்தியால வேலை.

உங்கள் பகுதியில் எட்டு மணித்தியால வயல் வேலைக்கு ஒரு பெண்ணுக்கு என்ன கூலியோ அதை எட்டாற் பிரித்து மூன்றாற் பெருக்குக. அதனுடன் நூலினதும் பஞ்சினதும் விலையைச் சேர்க்க. இதுவே குறைந்த விலை. இதற்குக் கீழே கேட்கும் வியாபாரிக்கு விற்பதிலும் அந்த மூன்று மணித்தியாலத்தை வீட்டுத் தோட்டத்திற் செலவிடுவது மேல். தனித்து நின்றால் விலையைப் பிடித்து நிற்பது கடினம். நாலைந்து பேர் கூடி ஒரே விலை சொன்னால் முடியும். ஒருவர் குடை, ஒருவர் கைகள் என்று பிரித்துச் செய்தால் வேகமும் கூடும்.

முதற் பொம்மையை விற்க அவசரப்பட வேண்டாம். இரண்டு முறை கழுவிக் காயவைத்து, நிறம் போகிறதா, தையல் கழருகிறதா என்று பாருங்கள். குறை தெரிந்தால் இரண்டாவதில் திருத்துங்கள். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வையுங்கள். பத்துப் பொம்மைகள் முடியும்போது, உங்கள் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதையும் எந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்பதையும் அந்தக் கொப்பியே உங்களுக்குச் சொல்லும்.